மாதா பங்கு பத்து லிட்டர்

1. எஞ்சின் நின்ற இடம்

மதியம் இரண்டேகால் மணிக்கு எஞ்சின் நின்றது. பைப்பில் அடைப்பு என்று நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன் என்று எழுதுவதுதான் சரி. பெட்ரோல் டேங்கைத் தூக்கிக் குலுக்கினேன். அடியில் ஒரு டம்ளர் அளவுக்குச் சலசலத்தது. அந்தக் கடைசி டம்ளரை உறிஞ்சு குழாய் எட்டாது. டேங்கைச் சாய்த்துப் பிடித்து இன்னும் நூறு கஜம் ஓட்டினோம். அப்புறம் அதுவும் இல்லை.

சுற்றிலும் தண்ணீர். அதற்கப்பால் காடு. செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. மேலணைத் தண்ணீரின் நடுவில், நாங்களே செய்த மிதவைப் படகில் மூன்று பேர் நின்றோம். அணைக் கரைக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். இந்தப் பயணத்துக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டவன் நான்.

எந்த அணை என்று எழுதவில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். பிழை அவர்களுடையதும் இல்லை.

2. மைலேஜ் பாய்

பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேன் ஆனேன். லாரி பாடி, தண்ணீர் லாரி, டிரெய்லர் இவைதான் எங்கள் வேலை. எந்த வண்டியைப் பார்த்தாலும் லிட்டருக்கு எத்தனை கொடுக்கும் என்று சொல்லிவிடுவேன். பட்டறையில் எனக்கு மைலேஜ் பாய் என்றே பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பாளையங்கோட்டையிலிருந்து ராஜேஸ்வரி மேடம் வந்தார். அணையில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று ஆழம் அளந்து வரைபடம் போடுவது அவர் வேலை. அதற்கு ஆடாத, தட்டையான படகு வேண்டும். இரண்டு நீளமான மிதவை உருளைகள், மேலே இருபதடித் தளம், நாலு கம்பி நட்டு வெயிலுக்குப் படுதா, பின்னால் ஒரு அவுட்போர்டு எஞ்சின். ஆறு வாரத்தில் செய்து கொடுத்தோம். கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியிலிருந்து மிதவை வந்தது. மற்றதெல்லாம் எங்கள் கைவேலை.

ஓட்டுவதற்கு ஆள் வேண்டுமே. புன்னைக்காயலிலிருந்து அந்தோணியைக் கூட்டிவந்தோம். என் வயதுதான் அவனுக்கும். கடலில் பிறந்து கடலில் வளர்ந்தவன், குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, “உப்பே இல்லாத தண்ணியில எப்படி வே போட்டு மிதக்கும்?” என்று என்னைச் சீண்டினான். படகு மிதந்தது. நயினார்குளத்தில் சோதனை ஓட்டம் விட்டோம். நானும் அவனும் மட்டும். காற்று இல்லை, பாரம் இல்லை. லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கொடுத்தது. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மேலணைக்குப் போகும் வழி காட்டுப்பாதை. கேனில் பெட்ரோல் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். அதில் எழுதிய லிட்டருக்கு மேல் ஒரு சொட்டு செக்போஸ்ட்டைத் தாண்டாது. ஆகவே முன்கூட்டியே கணக்குப் போட்டாக வேண்டும். மேப்பை விரித்தேன். அணையிலிருந்து மேல்கோடிவரை ஒன்பது கிலோமீட்டர். குறுக்கே இருபது இடத்தில் ஆழம் பார்க்கப் பத்து கிலோமீட்டர். திரும்பிவர ஒன்பது. மொத்தம் இருபத்தெட்டு. பதினான்கு லிட்டர். கூடக் கொஞ்சம் சேர்த்து இருபது என்று எழுதினேன். பத்து லிட்டர் கேன் இரண்டு.

அந்தோணி தாளை எட்டிப் பார்த்தான்.

“கேன் மூணு போடும் பாய்.”

“எதுக்கு?”

“போக ஒண்ணு, வர ஒண்ணு, மாதாவுக்கு ஒண்ணு. எங்க ஊர்ல மூணா பங்கு வைக்காம ஒரு வல்லமும் கரையை விட்டு நகராது.”

“மாதாவுக்கு எதுக்குவே பெட்ரோலு?” என்றேன். பட்டறையே சிரித்தது.

அவனும் சிரித்தான். “மாதாவா குடிக்கப் போறா? அவ பேர்ல வச்சாத்தான் நாம தொடாம இருப்போம். தண்ணியில கிலோமீட்டர் கணக்கு ஆகாது பாய். எஞ்சின் எத்தனை மணி நேரம் உறுமுதுன்னு பாக்கணும்.”

முப்பது லிட்டர் எழுதினால் செக்போஸ்ட்டில் கேள்வி கேட்பார்கள் என்று ஒரு காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. என் கணக்கில் ஒரு கேன் உபரியாகத் தெரிந்தால் அது தப்புக் கணக்கு என்று ஆகிவிடும். மைலேஜ் பாய்க்கு அது இழுக்கு. இருபது என்றே சீட்டு வாங்கினேன்.

அந்தோணி வேறொன்றும் சொன்னான். நாங்கள் அணைக்குப் போகிற அன்று சாயங்காலம் ஏழு மணி ரயிலில் அவன் மகள் ஸ்டெல்லா கிளம்புகிறாள். சென்னை போய் அங்கிருந்து கல்ஃபுக்கு நர்ஸ் வேலைக்கு. இரண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது. தாய் இல்லாத பிள்ளை. ஜங்ஷன் ஸ்டேஷனில் அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறுவேன் என்றிருக்கிறாள்.

“ரெண்டரைக்கெல்லாம் கரை ஏத்திருவேன்வே. நாலரைக்கு ஜங்ஷன்ல நிப்பீரு. என் கணக்குல தப்பு வராது” என்றேன். இந்த வாக்கியம் எனக்கு இன்னும் அப்படியே காதில் கேட்கிறது.

3. ஓடாமல் குடித்தது

விடியக்காலையில் தண்ணீரில் இறங்கினோம். மேகம் மலையிலிருந்து இறங்கி அணையின் மேலேயே படுத்திருந்தது. எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே மேகம் தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. முழுகிப்போன மரங்களின் உச்சிக்கிளைகள் மட்டும் அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது. நாங்கள் பக்கத்தில் போனபோதும் எழுந்திருக்கவில்லை. தூங்கிக்கொண்டே வேலை செய்கிறோமோ என்று எனக்குத் தோன்றியது. மேடம் ஆழம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இருபத்தேழு, முப்பத்தொன்று, முப்பது. காலுக்கு அடியில் அத்தனை மீட்டர் இருட்டு.

பத்து மணிக்கு மேல்காற்று கிளம்பியது. கச்சான் என்றான் அந்தோணி. ஒவ்வொரு அளவுக்கும் படகு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். காற்று பின்னால் தள்ளும். எஞ்சினை உறுமவிட்டு எதிர்த்துப் பிடித்து நின்றால்தான் மேடத்தின் கருவி சரியாகக் காட்டும். ஒரு கஜம்கூட நகராமல் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். லாரி நின்றால் எஞ்சினை அணைத்துவிடலாம். தண்ணீரில் நிற்பதற்கும் எண்ணெய் வேண்டும். இது என் நோட்டில் எந்த வரியிலும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு அந்தோணி இரண்டாவது கேனைத் திறந்தான். மேல்கோடிக்கு இன்னும் நாலு இடம் பாக்கி.

“பாய், திரும்புவோம். இந்தக் கேன் ஒண்ணுதான் இருக்கு.”

மேடம் என்னைப் பார்த்தார். “பாய், நாலு லைன்தான். விட்டா மேப்ல ஓட்டை விழுந்துரும். போதுமா, போதாதா? நீங்க சொல்லுங்க.”

அவர் நியாயமாகத்தான் கேட்டார். போதாது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திரும்பியிருப்பார். எனக்கு வாய் வரவில்லை. “திரும்பும்போது காத்து நமக்குச் சாதகம். கணக்குப்படி வந்துரலாம்” என்றேன். அந்தோணி சுக்கானை மேல்கோடிக்குத் திருப்பினான்.

4. படுதா

எஞ்சின் நின்றதும் மேடம்தான் முதலில் ரயிலைப் பற்றிப் பேசினார். “அந்தோணி, உங்க பொண்ணு…”

“பாப்போம் மேடம்” என்றான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கரையோரமாக நடந்துபோகவும் வழியில்லை. அது யானைக் காடு. அந்தோணி நிழலுக்குக் கட்டிய படுதாவை அவிழ்த்தான். இரண்டு கம்பிகளைக் கழற்றி நிமிர்த்திக் கட்டச் சொன்னான். கீழ் முனையில் கயிறு போட்டு, ஒன்றை என் கையில் கொடுத்தான், ஒன்றை மேடத்தின் கையில். “காத்து இழுக்கும். பைய விட்டுக் குடுங்க.” படுதா ஒரு தரம் படபடத்து, உப்பி, அடங்கியது. எங்கள் இரும்பும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த அந்தப் பெரிய தட்டு மெல்ல நகரத் தொடங்கியது.

அந்த இரண்டு மணி நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நெஞ்சில் பயம் இருந்தது. ஆனால் அதைவிட அமைதியான ஒரு பயணத்தை நான் கண்டதில்லை. வாழ்நாள் முழுக்க எஞ்சின் சத்தத்தில் இருந்தவனுக்கு முதல் தடவையாகத் தண்ணீர் என்ன பேசுகிறது என்று கேட்டது. உருளைகளுக்கு நடுவே குளுகுளு என்று ஓயாமல் ஒரு பேச்சு. மேகத்தின் நிழல் எங்களோடு கூடவே வந்தது. ஒரு வளைவில் சாரல் விழுந்தது. நனைந்தபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்தோணி மட்டும் கையில் கடிகாரம் இருந்தும் பார்க்காமல், சூரியன் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாரல் பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை.

நாலரைக்குக் காற்று செத்தது. மூங்கில் கழியும் ஒரு பலகையுமாகத் துழாவினோம். மேடமும் துழாவினார். கரை ஏறும்போது ஐந்தே முக்கால். அணை ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. ஈரத் துணியோடு, காலையில் வந்த மேடத்தின் ஜீப்பில் ஏறினோம்.

5. போன்

அடிவாரத்தை நெருங்கியதும் அந்தோணியின் போன் விடாமல் சத்தம் போட்டது. பதினேழு மிஸ்டு கால். மணி ஆறு ஐம்பத்தெட்டு. ஜங்ஷனுக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர். எந்தக் கணக்கும் தெரியாதவனுக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

மகளைக் கூப்பிட்டான். கை ஈரத்தில் போன் வழுக்கியதால் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டான்.

“எப்பா, எங்க நிக்கிய?”

“மலையை விட்டு இப்பத்தான் இறங்குதேம்ளா. நீ வண்டி ஏறிட்டியா?”

“ஏறிட்டேன். வாசப்படியிலதான் நிக்கேன்.” படகுக்காரன் மகள் அல்லவா, அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “எண்ணெ தீந்து போச்சாப்பா? மாதா பங்கு எடுத்துட்டுப் போவலியா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் இப்போது என் பெயரைச் சொல்வான், சொல்லத்தான் வேண்டும் என்று காத்திருந்தேன்.

“எடுத்தேம்ளா. அங்கன ஒரு போட்டு எண்ணெ இல்லாம நின்னுச்சு. அவுகளுக்குக் குடுத்துட்டேன்.”

“நல்லதுப்பா” என்றாள். “அதுக்குத்தானே வச்சிருக்கு.”

ரயில் ஊதியது. ஜீப்புக்குள் நன்றாகக் கேட்டது. சக்கரம் நகரும் சத்தமும் கேட்டது. “சாப்பாடு கட்டி எடுத்திருக்கேன்பா, நீங்க போய்ச் சாப்பிடுங்க” என்று அவள் சொன்னது பாதியில் அறுந்தது. அந்தோணி போனைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். ஜீப் பேட்டை வந்தது. இறங்கும்போது, “மன்னிச்சிரும்வே” என்றேன். “போய்த் துணியை மாத்தும் பாய், காய்ச்ச வந்துரும்” என்றான்.

6. இப்போது எழுதும் தாள்

அதற்கப்புறம் பட்டறையில் நிறைய மிதவைகள் செய்தோம். புதிதாக வரும் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். தரையில் தூரத்தை எண்ணு. தண்ணீரில் நேரத்தை எண்ணு. ஏற்ற வேண்டிய பாரத்தை ஏற்றி, காற்று இருக்கிற நாளில் சோதித்துப் பார். மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது என்று பார்த்து, அதன்மேல் பாதியைச் சேர்த்து எழுது. சேர்த்ததைத் தொடாதே.

என் தாள்களில் கடைசி வரியில் ‘மா.ப.’ என்று இருக்கும். ஐந்து வேளை தொழுகிற ஆள் இதை எழுதலாமா என்று முதலாளி அண்ணாச்சி கேலி செய்வார். எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த மாதா பங்குக் கேனை நான் ஒரே ஒரு தடவை திறந்தேன். போன வருஷம், வேறொரு அணையில். அமலைச்செடி, அதுதான் ஆகாயத்தாமரை, வாருகிற படகு ஒன்று எண்ணெய் தீர்ந்து நடுத்தண்ணீரில் நின்றது. அதில் நாலு பேர், கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் படகைப் பக்கத்தில் விட்டு, பத்து லிட்டரையும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கரை ஏறியதும் அந்தோணிக்குப் போன் போட்டேன்.

“நீரு அன்னைக்குச் சொன்ன போட்டை இன்னைக்குப் பாத்துட்டேன்வே. எண்ணெ குடுத்துட்டேன்.”

“சரி பாய்” என்றான். “ஸ்டெல்லாட்ட சொல்லிருதேன்.”