கல்வீட்டைக் கட்டியவர்கள்

மாரமங்கலத்துப் பெரியண்ணனின் சாமைக் காட்டு மேட்டில் ஒரு கல்வீடு உண்டு. மூன்று பலகைக் கற்களை நிறுத்தி, மேலே யானை முதுகுபோல ஒரு மூடுகல். குள்ளர் ஊடு என்பார்கள். அதை யார் கட்டினார்கள் என்று நாற்பது வயதுவரை அவன் யோசித்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் ஒருநாள் ஏற்காட்டு டீக்கடையில் யாரோ வாரப் பத்திரிகையை உரக்கப் படித்தார்கள். இத்தகைய கற்களை மனிதரால் தூக்கியிருக்க முடியாதாம். வேறு கிரகத்தார் வந்து வைத்துவிட்டுப் போனார்களாம். அன்றிலிருந்து அவன் பார்வை வானத்திலேயே கிடந்தது.

"ஏனுங்க, அத்தன தூரம் வந்தவங்க ஊட்டக் கட்டிப்போட்டு, குடியிருக்காமயா போனாங்க?" என்பாள் மனைவி கண்ணம்மாள்.

"சிரிக்காத புள்ள. அந்தக் கல்ல மனுசன் தூக்கற காரியமா?"

ஐப்பசி மழையில் காட்டுக்கு மேலே மண் சரிந்தது. உருண்டு வந்த பாறை ஒன்று, சாமைக்குள் நின்றிருந்த கண்ணம்மாளின் காலை அழுத்திக்கொண்டது. பெரியண்ணன் தோள் கொடுத்து முட்டினான். அசையவில்லை. மறுபடி முட்டினான். பிறகு தொண்டை கிழியக் கத்தினான்.

பக்கத்துக் காட்டுச் சின்னன் கடப்பாரையோடு ஓடி வந்தான். எஸ்டேட் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு, வேலிக் கட்டைகளைப் பிடுங்கி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, வெள்ளையம்மாள், சேற்றில் உட்கார்ந்து கண்ணம்மாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைகளைப் பாறைக்கு அடியில் கொடுத்து எல்லாரும் ஒரே மூச்சில் நெம்பினார்கள்.

"விட்றாதீங்க! சந்துல சின்னக்கல்லச் சொருகுங்க!" என்று சின்னன் அலறினான்.

பாறை விரல் விரலாக எழும்பியது. பெரியண்ணன் அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கால் எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை.

சேலம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவள் கேட்டாள்: "ஏனுங்க, உங்க வானத்தாளுக எட்டிக்கூடப் பாக்கலயே?"

அவன் அவள் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வந்திருப்பாங்க கண்ணம்மா. நம்ம சனம் தூக்கறதப் பாத்துட்டு, நமக்கு இங்க வேலையில்லன்னு திரும்பிப் போயிருப்பாங்க."

அவள் வலியோடு சிரித்தாள். அவனுக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

கட்டுப் பிரித்த பிறகும் அவள் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தாள். கோயிலோ சந்தையோ, பெரியண்ணன் அவளை விட்டு ஓரடி முந்தமாட்டான். பல வருஷம் அப்படி நடந்து அவன் நடையும் சாய்ந்துபோயிற்று. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் கதையைக் கேட்டுவிட்டு, பாறையில் அடிபட்டது இரண்டு பேரில் யார் என்று கேட்பார்கள்.