பதினாறு தொட்டில்கள்

கணக்கைப் பற்றி நான் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளியில் சாதாரண தரப் பரீட்சையில் நான் சித்தியடையாத பாடமே அதுதான்.

பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் உதவியாளராக இருக்கிறேன். கணக்கில் சித்தியடைந்தால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இந்த வயதில் டவுனில் ஞாயிறு வகுப்புக்குப் போனேன். தேறுவார்கள் என்று தோன்றினால்தான் சார் பரீட்சைக்கு விண்ணப்பிக்கச் சொல்வார். ஒரு ஞாயிறு என்னைப் பார்த்து முடிவு சொல்வதாக இருந்தார்.

பலகையில் 12, 18, 20 என்று எழுதி, "அடுத்தது என்ன?" என்று கேட்டார்.

எனக்குத் தொட்டில்தான் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு சேலைத் தொட்டில்களைச் சம வரிசைகளாகக் கட்ட ஆறு வழி உண்டு: ஒரு வரிசை, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, பன்னிரண்டு. பதினெட்டுக்கும் இருபதுக்கும்கூட ஆறு வழிதான். நான் கையைத் தூக்கியதே பெரிய காரியம்.

"எல்லாத்துக்கும் ஆறு வழிங்க சார். ஆனா நடுவுல பதினாறு விட்டுப்போச்சுங்க."

எழுதிக் காட்டச் சொன்னார். பதினாறுக்கு ஒன்று, இரண்டு, நான்கு, நான்கு, எட்டு, பதினாறு என்று, நான்கு வரிசையை இரண்டு தடவை எழுதியிருந்தேன்.

"தூவானம் அடிச்சா நாலு வரிசையையும் குறுக்கால திருப்பிக் கட்டுவோங்க. அது வேற வேலைங்க."

பக்கத்தில் இருந்த துணிக்கடைப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "ரொட்டியப் பெரட்டிப் போட்டா ரெண்டு ரொட்டியாகுமா அக்கா?"

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"திருப்பினாலும் நாலு வரிசைதானே அக்கா. எண்ணை உடைச்சுப் பாருங்க" என்றார் சார்.

உடைத்தேன். 12 என்பது 2×2×3. 18 என்பது 2×3×3. 20 என்பது 2×2×5. ஒரு முதன்மை எண் இரண்டு தடவை, இன்னொன்று ஒரு தடவை. 2² என்று எண்ணின் தலைக்கு மேலே சின்னதாக எழுதும் சுட்டி எதற்கு என்று அன்றுதான் விளங்கியது. பதினாறில் இரண்டு மட்டுமே, நான்கு தடவை. அது இந்தக் கூட்டத்தில் சேராது.

இருபத்தொன்றிலிருந்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். நேரம் எடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. என் பென்சில் மழுங்கியபோது அந்தப் பெண் தன்னுடையதை என் பக்கம் தள்ளி வைத்தாள். அந்தப் பொறுமையை நான் மறக்கமாட்டேன்.

"இருபத்தெட்டுங்க சார். ரெண்டு ரெண்டு தடவை, ஏழு ஒரு தடவை."

"அப்ளிகேஷனைப் போடுங்க அக்கா" என்றார்.

மறுநாள் தூவானம் அடித்ததால் தொட்டில்களைத் திருப்பிக் கட்டினோம். பகல் சாப்பாட்டு நேரத்தில் போய் விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்தேன்.