சாம்பல் வட்டத்தை எடுத்துராதீங்க தம்பி

மவுஸால் இழுத்துப் போட்டு வெப்சைட் கட்டுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு, கோடிங் ஒரு வரி தெரியாமலே கடை போட்டுவிடலாம். ஒரு சங்கடமும் உண்டு, நம் கஸ்டமரும் அதே தைரியத்தில் "எங்க, கொடுங்க பாப்போம்" என்று மவுஸைப் பிடுங்கிவிடலாம்.

போர்ட் பிளேரில், ஃபீனிக்ஸ் பே ஜெட்டி என்கிற படகுத்துறைக்குப் போகிற ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பாதி என் கடை. போட் டிக்கெட்டுக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் அப்படியே எட்டிப் பார்த்து, "வெப்சைட்டா? எனக்கும் ஒண்ணு" என்பார்கள். இந்தப் பிழைப்பில் கிடந்து அல்லாடும் சகோதர சகோதரிகளே, கீழே சொல்லியிருப்பதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். மெயின்லேண்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் வேகமான நெட்டில் நடந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பறக்கிற தென்னங்கன்று

பெரார்கஞ்சில் பாக்கு, தென்னை நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் குமாரசாமி அண்ணன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடிப்பார். அவருக்கு வேலை செய்துகொண்டிருந்தபோது, சாஃப்ட்வேரில் ‘அனிமேஷன்’ என்று ஒரு பெட்டி இருப்பதைத் திறந்து காட்டியது என் போதாத காலம். அப்புறம் மனுஷன் விடவே இல்லை. பண்ணைப் பெயர் வலது பக்கமிருந்து ஓடி வரவேண்டும், தென்னங்கன்று கீழேயிருந்து முளைத்து வரவேண்டும், போன் நம்பர் துடிக்கவேண்டும். போட்டோக்களும் பெரிய கேமராவில் எடுத்தவை. ஒவ்வொன்றும் ஒரு மூட்டை கனம். அப்படியே ஏற்றினேன். என் கடை நெட்டில் எல்லாம் ஜோராகப் பறந்தது.

மறுநாள் பண்ணைக்கு வரச்சொன்னார். பாக்கு மரங்களுக்கு நடுவே நின்று போனில் திறந்தார். சக்கரம் சுற்றியது. இளநீர் வெட்டிக் கொடுத்தார், குடித்து முடித்தேன், அப்போதும் சுற்றியது. திட்டுவார் என்று பார்த்தால், பாவம், எனக்குத் தேறுதல் சொல்கிற மாதிரி முதுகில் தட்டினார்.

"அரே பாய், இது திறக்குறதுக்குள்ள என் பாக்குக் கன்னே காய்ச்சிரும் போல இருக்கே."

மூன்று வட்டம்

அன்றிலிருந்து படத்தைச் சுருக்காமல் ஏற்றுவதில்லை, அசைகிற சமாச்சாரம் எதையும் தொடுவதில்லை. இந்த ஞானம் வந்த சமயத்தில்தான் லாங் ஐலண்டிலிருந்து பாண்டியம்மா அக்கா வந்தார். ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பம். வீட்டுக்குப் பின்னால் இரண்டு ரூம் கட்டியிருக்கிறார். டூரிஸ்ட்டுகள் தங்க, கூடவே வீட்டுச் சாப்பாடு. சீசனுக்குள் வெப்சைட் வேண்டும் என்றார்.

டெம்ப்ளேட் என்ற ரெடிமேட் சட்டையை எடுத்து அளவு பிடிப்பதுதான் நம் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சட்டையில் ‘எங்கள் குழு’ என்று ஒரு பகுதி, அதில் மூன்று வட்டம். போட்டோ போடாத வட்டத்தில் தலையும் தோளுமாக ஒரு சாம்பல் நிற உருவம் இருக்கும். நான் எல்லோருக்கும் சொல்வது, நிரப்பாத இடத்தை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பூச்சு பூசாத வீட்டில் குடிபோன மாதிரி இருக்கும் என்று. ஒரு வட்டத்தில் அக்கா படத்தைப் போட்டேன். மூன்றாவதை நீக்கினேன். இரண்டாவதன் மேல் மவுஸை வைத்ததும் அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

அப்புறம்தான் விஷயம் வந்தது. அவர் வீட்டுக்காரர் சேது அண்ணனுக்கு நிக்கோபார் பக்கம் போகிற கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில். ரூம் ஓடினால் நீங்கள் கப்பலை விட்டு இறங்கிவிடலாம் என்று இவர் சொல்லப்போக, பொண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்னச் சொல்கிறாயா என்று அவர் முறைத்துக்கொண்டு போய்விட்டார். கப்பல் போர்ட் பிளேர் வந்தாலும் இப்போது வீட்டுக்கு வருவதில்லையாம். போன் பேச்சும் நின்றுவிட்டது. இவர் முதலில் பேசமாட்டார், அவரும் முதலில் பேசமாட்டார். சொல்லும்போது அக்கா கண் கலங்கவில்லை, எனக்குத்தான் என்னவோ போலிருந்தது.

"ரூம் ஓடுதோ இல்லையோ, அந்தச் சாம்பல் வட்டத்தை மட்டும் எடுத்துராதீங்க தம்பி. ஆள் வரவேண்டியிருக்கு."

பச்சைப் பொத்தான்

அக்கா இன்னொன்றும் கேட்டார். முதல் பக்கத்தில், வீட்டுப் படத்துக்குக் கீழே ‘இன்று நம் வீட்டில்’ என்று ஒரு வரி. அன்றைக்கு என்ன சமையல் என்பதை அவரே தினமும் மாற்றி எழுதவேண்டும். தங்க ஆளே வராதபோது யாருக்கு அக்கா மெனு என்றேன். கப்பலில் கூட வேலை பார்க்கிறவரின் மனைவி மூலமாக, போகவேண்டிய இடத்துக்கு லிங்க் போய்விட்டது என்று மட்டும் சொன்னார். மேற்கொண்டு கேட்க நான் என்ன மரமண்டையா?

அவர் போனில் அந்த ஒரு பெட்டியை மட்டும் திறந்துவைத்து, மற்றதையெல்லாம் பூட்டிவிட்டேன். நீங்களும் இதைச் செய்யுங்கள், கஸ்டமரின் விரல் பட்டு வீட்டுக் கூரை இடம் மாறாமல் இருக்கும். அவர் வீட்டில் சிக்னல் கிடையாது; போட் வருகிற நேரம் ஜெட்டி வரை நடந்துபோய் எழுதுவார். ஆனால் பல நாளாகியும் சைட்டில் வரி மாறவே இல்லை. போட் வருகிற நேரம் பார்த்துப் போன் போட்டு, என்ன அக்கா எழுதுவதை விட்டுவிட்டீர்களா என்றால், ஒரு நாள் விடாமல் எழுதுகிறேனே என்கிறார்.

பார்த்தால், ‘சேவ்’ கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மேலே இருக்கிற பச்சைப் பொத்தான், அந்த ‘பப்ளிஷ்’, அதை அமுக்கவே இல்லை. அதை அமுக்காதவரை எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும், ஊருக்குத் தெரியாது என்று விளக்கினேன். அலைச் சத்தத்துக்கு நடுவே அக்கா கேட்டார்.

"அப்ப இத்தனை நாளும் நான் எனக்கேதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேனா?"

கம்ப்யூட்டரில் இருக்கு, போனில் இல்லை

பச்சைப் பொத்தானைப் பழகிய பிறகு அக்காவின் வரி நாள் தவறாமல் வந்தது. பக்கம் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறதே என்று நான் ஒருநாள் பெரிய ஸ்கிரீனில் வீட்டுப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினேன். அழகாகத்தான் வந்தது. சந்தோஷமாகக் கடையைப் பூட்டிக்கொண்டு போனேன்.

சில நாள் கழித்து, கப்பல் யூனிஃபார்மோடு ஒரு ஆள் கடைக்குள் வந்தார். ஜெராக்ஸா என்றேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, போனில் அக்கா சைட்டின் அடியில் என் கடைப் பேரைப் போட்டிருப்பதைக் காட்டி, இது நீங்கள்தானே என்றார். குரலில் சண்டை இருந்தது. அந்தச் சமையல் வரியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார். எடுக்கவே இல்லையே, இதோ பாருங்கள் என்று என் ஸ்கிரீனைக் காட்டினேன். அவர் தன் போனை நீட்டினார். அதில் வரி இல்லை. பெரிதாக்கிய படம் போனில் நேராக அந்த வரியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர் தோற்றம் வேறு, போன் தோற்றம் வேறு. ஒன்றில் கைவைத்தால் மற்றதில் எங்கேயாவது இடிக்கும். எதைத் தொட்டாலும் உடனே ஒரு நிஜப் போனை எடுத்துப் பார்த்துவிடுங்கள், உங்கள் காலில் விழுந்து சொல்கிறேன்.

ஆனால் அந்த நேரத்தில் என் புத்தி அதிலெல்லாம் இல்லை. அவர் வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை நண்டு ரசம், செவ்வாய்க்கிழமை சூரைப் புட்டு, அதற்கு அப்புறம் ஒன்றுமே இல்லை. நிக்கோபாரிலிருந்து திரும்புகிற வழியெல்லாம் சிக்னல் வரும்போதெல்லாம் திறந்து பார்த்திருக்கிறார். "அடுப்பு எரியலையா? உடம்புக்கு முடியலையா அவளுக்கு?" என்று கேட்டபோது சண்டையெல்லாம் போய்விட்டது, பயம்தான் மிச்சமிருந்தது. யாரென்று நான் கேட்கவே இல்லை. படத்தைப் பழையபடி சுருக்கி, பச்சைப் பொத்தானை அமுக்கி, போனில் பாருங்கள் அண்ணே என்றேன். ‘இன்று நம் வீட்டில்: நெத்திலிக் கருவாடு, முருங்கைக்கீரை’ என்று வந்தது. இரண்டு தரம் படித்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார்.

"நான் வந்தேன்னு அவகிட்ட சொல்ல வேணாம். யாரோ ஒரு பாசஞ்சர் கேட்டான்னு சொல்லுங்க."

யாரோ ஒரு பாசஞ்சர்

வாக்குக் கொடுத்தால் காப்பாற்றவேண்டும் இல்லையா? அக்காவுக்குப் போன் போட்டு, வரி சில நாளாகப் போனில் தெரியாமல் இருந்தது, சரிசெய்துவிட்டேன், யாரோ ஒரு பாசஞ்சர் வந்து சொன்னான் என்றேன். பாசஞ்சர் தினமும் பார்க்கிறாராமா என்று கேட்டார். நான் ‘சொன்னான்’ என்றேன், அவர் ‘பார்க்கிறாராமா’ என்கிறார். இதற்கு மேல் நான் எதை மறைப்பது? திங்கள், செவ்வாய் மெனுவெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறார் அக்கா என்று போட்டு உடைத்துவிட்டேன். பாசஞ்சர் என்ற சொல்லை மட்டும் மாற்றவில்லை.

மறுநாள் வரி இப்படி வந்தது: ‘இன்று நம் வீட்டில்: பாறை மீன் புளிக்குழம்பு. ஒரு இலை கூடப் போட்டிருக்கு.’ அன்றைக்கென்று பார்த்து ஹேவ்லாக் தீவில் தங்கியிருந்த சென்னைத் தம்பதியர் அதைப் படித்துவிட்டு, அந்தக் கூடுதல் இலை எங்களுக்குக் கிடைக்குமா, ரூமும் வேண்டும் என்று என் கடை நம்பருக்குப் போன் செய்தார்கள். அக்காவுக்கு அதுதான் முதல் புக்கிங். நான் தலைகால் புரியாமல் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவரோ நிதானமாகப் பதில் சொன்னார்.

"வரச் சொல்லுங்க தம்பி, அவங்களுக்கு வேற இலை போடுறேன். அந்த இலை முன்னாடியே புக் ஆயிருச்சு."

மீன் எங்கே?

புக் ஆன ஆள் கிளம்பத்தான் செய்தார். காற்று விடவில்லை. ஜெட்டியில் போட் கேன்சல் என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். காலையில் கடை திறக்க வந்தால், லீவு போட்டுவிட்டு, யூனிஃபார்ம் இல்லாமல், கையில் ஒரு பையோடு டிக்கெட் கவுண்ட்டர் முன்னால் நிற்கிறார் சேது அண்ணன். அடுத்த நாளும் அதே பை, அதே இடம், அதே கேன்சல். கடலிலேயே வாழ்ந்தவர், ஒரு போட் கிடைக்காமல் கரையில் தவிக்கிறார். கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் போனைத் திறந்தார். ‘இன்று நம் வீட்டில்: நேத்து வச்ச குழம்புதான். சுடவச்சிருக்கு’ என்று இருந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. ஜெராக்ஸ் மெஷினில் ஏதோ வேலை இருக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கு அடுத்த நாள் போட் போனது.

சீசன் பாதி போன பிறகு அக்காவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. குழாயடியில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் பெரிய மீனோடு, எடுக்காதே என்று முறைக்கிற முகத்தோடு சேது அண்ணன். வேறு ஒன்றும் எழுதவில்லை. எனக்கா தெரியாது? சாம்பல் வட்டத்தில் படத்தை ஏற்றினேன். வட்டத்தின் குணம் உங்களுக்குத் தெரியும், நான்கு மூலையையும் சீவிவிட்டு முகத்தை மட்டும் விட்டுவைக்கும். மீன் போய்விட்டது, லுங்கியும் போய்விட்டது, முறைப்பு மட்டும் மிச்சம். அடுத்த போட் நேரத்துக்கு அக்கா கூப்பிட்டு, மீன் எங்கே என்றார். வட்டத்துக்குள் அவ்வளவுதான் அடங்கும் அக்கா என்று சமாதானம் சொன்னேன். யாரோ பக்கத்தில் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அப்படின்னா பேருக்குக் கீழ வேலைன்னு ஒரு இடம் இருக்கே, அதுல ‘மீன் கழுவுறது’ன்னு போட்டு வைங்க. பச்சைப் பொத்தானை அவரே அமுக்கட்டும்."

எதை வேண்டுமானாலும் இழுத்து எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்று இந்த சாஃப்ட்வேர்காரர்கள் சொல்வது உண்மைதான், மனுஷனை இழுத்து வீட்டில் போடுவதற்குத்தான் கொஞ்சம் புளிக்குழம்பும் தேவைப்படுகிறது.