என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்

பதினாறு வயதில் மலேசியாவின் பாடாங் செராயில் படித்தபோது, இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் அது என்னைப் பற்றித்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. வகுப்பு வாட்சப் குழு அமைதியாக இருந்தால், நான் இல்லாத இன்னொரு குழு எங்கோ ஓடுகிறது என்று அர்த்தம். பஸ் டிரைவர் ரேடியோவில் பாட்டை மாற்றினால், அதிலும் எனக்கு ஏதோ சேதி இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியை மட்டும் நம்பினேன். திடீரென்று அவளும் பேச்சைக் குறைத்தாள். நான் போனால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். கண்கள் சிவந்திருந்தன. என் மீது வெறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். அழுத கண்ணாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

ஒரு நாள் ஓய்வு நேரத்தில், கழிவறைக்குப் பின்னால் அவள் தன் அத்தையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒளிந்து நின்று கேட்டேன்.

“இப்ப தெரிய வேணாம், அத்தே. தெரிஞ்சா பெரிய பிரச்சனையா போயிடும்.”

நேராக அவள் முன்னால் போய் நின்றேன். “எனக்குத்தானே தெரியக் கூடாது? என்னப் பத்தி என்ன பேசுன?”

அவள் போனை அணைத்தாள். “எங்கம்மாவுக்குத் தெரியக் கூடாதுலா. அப்பா கால எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. சக்கர வியாதி. அம்மா மாசமா இருக்காங்க.”

அவள் அழ ஆரம்பித்தாள். நடிக்கிறாளோ என்றுதான் முதலில் பார்த்தேன். பிறகு நம்பினேன். ஆனாலும் தோளில் கை வைக்க வேண்டும் என்று தெரிந்தும் கை எழவில்லை.

“ஒண்ணும் சொல்ல வேணாம். இங்கயே நில்லு,” என்றாள். மணி அடித்த பிறகும் நின்றோம்.

அடுத்த மாதம் என் அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். என் சந்தேகத்தை நோய் என்று சொல்ல முடியாது, சுபாவத்தின் ஒரு சாய்வு என்றார் டாக்டர். மற்றவர் முகத்தில் இருப்பது துக்கமா கோபமா என்று பிடிபடாமல் போகும், அதனால் ஈரமில்லாத பெண் என்று பொருளில்லை என்றார். நான் பேசும்போதெல்லாம் அவர் ஏன் எழுதுகிறார் என்பதிலேயே என் கவனம் இருந்தது.

தோழியின் அப்பா காலை இழந்து வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். அவர் சிரித்தபடி உட்காரச் சொன்னார். என்னைப் பற்றி இவள் வீட்டில் என்ன சொல்லியிருப்பாள் என்ற நினைப்பு உடனே வந்துவிட்டது. அவளைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப்போய்க் கேட்டேன்.

“நல்ல பொண்ணுன்னுதான் சொன்னேன்,” என்றாள்.

பாதி நம்பினேன். அவள் கலக்கிய மைலோவை நானே எடுத்துப்போய் அவரிடம் கொடுத்தேன்.