கை மடக்கி எறிந்த குணசேகரம்

டென்மார்க்கின் பிராண்டே ஊரில் காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த குணசேகரம் எனக்கு மகன் முறை. அவன் தாய் தங்கமலர் என் சின்னம்மாவின் மூத்த மகள். டென்மார்க்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு பேஸ்போல் எறிந்த தமிழன், எனக்குத் தெரிய, அவன் ஒருவன்தான். பேப்பரில் தேடினால் பெயர் கிடைக்காது.

முதலில் அவன் கிரிக்கெட்காரன். 2008 கோடையில் தமிழ்க் கழகங்களின் இறுதி ஆட்டம். நடுவராக நின்றவர் அவன் அக்கா கிறேஸின் புருஷன் அந்தோனிதாசன். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறியக்கூடாது. குணசேகரத்தின் கை மடங்கும். மற்ற நடுவர்கள் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். இவர் விடவில்லை. ஒரே ஓவரில் ஐந்து தரம் "நோபோல்" என்று கையை நீட்டினார்.

"அத்தான், கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டு வந்தனீங்களோ?"

"கண் வடிவாத் தெரியுது மச்சான். நீ பந்து போடேல்லை, கல்லெறியிறாய்."

அன்றோடு ரெண்டு பேருக்கும் கதைபேச்சு நின்றது. மாதா கோயிலில் ஒரே வாங்குப் பலகையில்தான் இருப்பார்கள், நடுவில் கிறேஸ்.

அந்தக் கை ஹென்னிங்குக்குத் தேவைப்பட்டது. அவர் கூட வேலை செய்த டெனிஷ்காரர். ஓகூஸ் நகரில் பேஸ்போல் கழகம் ஒன்றும் நடத்தினார். சாப்பாட்டு அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வாளிக்குள் குணசேகரம் அப்பிள் மிச்சத்தை எறிவதைப் பார்த்துவிட்டு, ஒரு ஆட்டம் எறிந்து காட்டு, சரிவந்தால் கோடை முழுக்கச் சம்பளம் என்றார். நாள், 2009 யூலை முதல் சனிக்கிழமை.

அதற்குள் மே மாதம் இலங்கையில் யுத்தம் முடிந்தது. தங்கமலர் வன்னியில், மூன்று மாதமாகச் சத்தமில்லை. யூன் கடைசியில் அகதி முகாமிலிருந்து இரவல் போனில் மருமகன் அந்தோனிதாசனுக்கு எடுத்தாள். உயிரோடு இருந்தாள். கிறேஸ் முன்பு எழுதிய கடிதத்தால் அத்தான் மச்சான் சண்டையும் அவளுக்குத் தெரியும்.

"மருமோன், மகனோடை கதைக்கிறியளோ?"

"ஓம் மாமி." பச்சைப் பொய்.

"அப்ப வாற சனி, உங்கடை மூண்டு மணிக்கு எடுக்கிறன். ரெண்டு பேரும் ஒண்டா நில்லுங்கோ."

சனி மூன்று மணிக்கு ஆட்டம் பாதியில் இருக்கும். ஆட்டத்தை விட்டால் சம்பளம் போச்சு. விடாவிட்டால் தாய்க்கு என்ன சொல்வது? கிறேஸ் செய்தி சொன்னதும் குணசேகரம் தயங்கவில்லை. "அக்கா, அத்தானைப் போனோடை கிரவுண்டுக்கு வரச் சொல்லு" என்றான்.

அந்தோனிதாசன் ஒரு மணித்தியாலம் கார் ஓடி வந்து வேலியோரம் நின்றார்.

முதல் பந்தைக் குணசேகரம் கிரிக்கெட் பழக்கத்தில் நிலத்தில் குத்தினான். இரண்டாவதும் அப்படியே. ஹென்னிங் தலையில் கை வைத்தார். மூன்றாவதை நேரே எறிந்தான். முழங்கை நன்றாக மடங்கியது.

"நோபோல்!" என்று வேலிக்கு வெளியே ஒரு கை நீண்டது.

குணசேகரம் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டான். "அத்தான், இஞ்சை மடக்கலாம்!"

பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. போன் அடித்தபோதும் பந்து அவன் கையில்தான்.

"மாமி, ஒண்டாத்தான் நிக்கிறம். அவன் எறியிறான்."

"இன்னும் கையை மடக்கிறானோ?"

"மடக்கிறான்."

"நீங்கள் விடுறியளோ?"

அடிக்க நின்றவன் காற்றை வெட்டினான். பந்து பின்னால் கையுறைக்குள் போய் இருந்தது.

"விடுறன் மாமி. இஞ்சை அதுக்குத்தான் சம்பளம்."

எறியும் முறை முடிந்ததும் குணசேகரம் ஓடிவந்து போனை வாங்கினான். ஹென்னிங் ஒப்பந்தக் கடதாசியோடு வந்து, அவன் தாயோடு கதைத்து முடியுமட்டும் காத்து நின்றார்.

ஏழு கோடை எறிந்தான். அந்தோனிதாசன் ஒரு ஆட்டமும் தவறவிடவில்லை, கண்ணாடியையும் மறக்கவில்லை.