பின்னறைக்கு எட்டாத சிக்னல்

எங்கள் வீட்டு முற்றத்துத் தூணில், கை தூக்கினாலும் எட்டாத உயரத்தில், ஒரு சின்ன மரப்பலகை இருக்கிறது. ஒரு காலத்தில் வைஃபை பெட்டி அதன் மேல்தான் இருந்தது. அந்தப் பலகையைப் பார்த்தாலே என் நாத்தனார் நினைவுக்கு வந்துவிடுவாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முக்காலி மேல் ஏறி நின்று, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் வயருமாக, "அண்ணி, இப்ப எத்தன கோடு வருது?" என்று கத்துவாள். பின்னறையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நான், "ரெண்டுதாம்மா! இன்னும் மேல தூக்கு!" என்று பதிலுக்குக் கத்துவேன். தெருவில் போகிறவர்கள் இந்த வீட்டுப் பெண்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் வாய்விட்டுக் கத்தியது அப்போதுதான்.

திருமலைராயன்பட்டினத்தின் பழைய தெருக்களில் உள்ள பல வீடுகளைப் போல எங்களுடையதும் வாசலில் குறுகி, உள்ளே நீண்டுகொண்டே போகும். முன்கூடம், முற்றம், இரண்டு அறைகள், அடுப்படி, அதற்கும் பின்னால் கொல்லையைப் பார்த்தபடி ஒரு சிறிய அறை. சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய சுவர்கள், அடித்தால் ஆணிதான் வளையும். இணைப்பு கொடுக்க வந்தவர், ஜன்னல் வழியாக வயர் நுழைந்த இடத்திலேயே, டிவிக்குப் பின்னால் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார். முன்கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருக்கும் என் மாமனாருக்கும், கடையை அடைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காரும் என் கணவருக்கும் சிக்னல் வெள்ளமாகக் கிடைத்தது. பின்னறையில் எனக்கு ஒரு கோடு வந்தால் அது என் அதிர்ஷ்டம்.

எனக்குத்தான் அது வேண்டியிருந்தது. கணக்கில் முதுகலை படித்திருந்தேன். சென்னையில் இருந்த ஓர் இணையவழிப் பயிற்சி நிறுவனம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்க என்னை எடுத்துக்கொண்டது. பாதி வகுப்பில் நான் கையைத் தூக்கியபடி சிலையாகி நின்றுவிடுவேனாம், பிள்ளைகள் அதைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்களாம். வெட்கத்தில் சாப்பாடு இறங்காது. பெட்டியை எங்கே மாற்றி வைப்பது என்று வீட்டில் எல்லோரும் யோசித்தோம். பெட்டியை நகர்த்துவதற்குப் பதில் என்னை முன்கூடத்துக்கு நகர்த்தலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்கூடம் ஆண்களுக்கும் வந்து போகிறவர்களுக்கும் உரியது, மருமகள் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவதாவது! சொன்னால் சிரிப்பீர்கள், அது எனக்கே தோன்றவில்லை.

நாத்தனார்தான் களத்தில் இறங்கினாள். என் கணவருக்குத் தங்கை, எனக்கு ஏறக்குறைய ஒத்த வயது. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமனார் கண்ணயர்ந்ததும் இருவரும் நீளமான வயரை இழுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவோம். குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தோம், இருந்த ஒரு கோடும் போனது. பீரோ பக்கத்தில் வைத்தோம், அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே வரவில்லை. சாமி அலமாரி மேல் வைத்ததற்கு மாமனார் எழுந்து வந்து ஒரு பார்வை பார்த்தார், எடுத்துவிட்டோம். கடைசியில் முற்றம். வீட்டின் நடுவில் சுவர் மறைக்காமல் திறந்து கிடக்கிற இடம் அது ஒன்றுதான். தூணில் உயரத்தில் வைத்ததும், முன்பக்கமும் குறையவில்லை, பின்னறையில் எனக்கும் எல்லாக் கோடுகளும் வந்துவிட்டன. நாத்தனார் முக்காலியிலிருந்து குதித்து என்னைக் கட்டிக்கொண்டாள். கூடப் பிறந்த தங்கை எனக்கு இல்லை. அன்றைக்கு அந்தக் குறை தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஐப்பசியில் சாரல் அடித்தபோது மாமனார், பெட்டி நனைந்துவிடுமே என்று, முறுக்கு வைக்கிற தகர டப்பாவை அதன் மேல் கவிழ்த்துவிட்டார். மறுநிமிடம் வீடு முழுவதும் சிக்னல் செத்துப்போனது. நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, தகரத்தப் போட்டு மூடுனா அது எப்படிப்பா வெளிய வரும்?" என்று டப்பாவை எடுத்துவிட்டு, ஐஸ்கிரீம் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவைக் காற்றுப் போக ஓட்டை போட்டுக் கவிழ்த்தாள். நல்ல மூளை அவளுக்கு.

வகுப்புகள் நன்றாக நடந்தன. நிறுவனத்தில் கணக்குப் பிரிவுக்கு நிரந்தரமாக ஒருவரைத் தேடினார்கள். சென்னைக்கே வந்துவிட வேண்டும், சம்பளமும் நல்ல சம்பளம். கடைசியாக இரண்டு பேர் மிஞ்சினோம். மேலதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். என் கணவரிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். காரைக்காலில் அவருக்குப் பெயிண்ட் கடை. அதை விட்டு வருவாரா என்று எனக்குப் பயம். அவரோ, "போவோம், அதுக்கென்ன? கடைல ஒரு ஆளப் போட்டுப் பாத்துக்கலாம்" என்றார். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். இப்படி ஒரு மனிதர் யாருக்கு வாய்க்கும் என்று நான் உருகிப்போனேன்.

அந்த நாள் காலையில் பாடத்தைத் தொடங்கினேன். நன்றாகவே தொடங்கினேன். பாதியில் எதிரே இருந்த முகங்கள் உறைந்தன, பிறகு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. செல்போன் டேட்டாவைப் போட்டேன். அந்தச் சுவர்களுக்குள் அதுவும் சுற்றிக்கொண்டே இருந்தது. முற்றத்துக்கு ஓடி வந்து நிமிர்ந்து பார்த்தால், தூணில் பெட்டியின் மேல் தகர டப்பா கவிழ்ந்திருந்தது. முக்காலி பக்கத்திலேயே கிடந்தது. ஏறி, டப்பாவைத் தள்ளிவிட்டுத் திரும்பி ஓடியபோது அந்தப் பக்கம் எல்லோரும் கலைந்து போயிருந்தார்கள். நாத்தனார் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "சாரல் அடிச்சுது அண்ணி, நனைஞ்சிடப் போவுதேன்னு மூடுனேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. முற்றத்துக் கொடியில் துணிகள் மொறமொறவென்று காய்ந்து கிடந்தன. எங்கே வைத்தால் கிடைக்கும் என்று என்னோடு தேடியவளுக்கு, என்ன செய்தால் கிடைக்காது என்பதும் தெரியும்தானே.

இன்னொரு வாய்ப்புக் கேட்டு எழுதினேன். மற்றவரை எடுத்துவிட்டதாக மரியாதையாகப் பதில் வந்தது. என் கணவர் அன்று கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். இணைப்பு கொடுத்தவரைப் போனில் கூப்பிட்டு, என் எதிரிலேயே, வாய்க்கு வந்தபடி திட்டினார். அந்த மனிதர் பாவம், ஓடி வந்து சோதித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். "தங்கச்சி தெரியாம மூடிட்டா, அதப் போயி மனசுல வச்சுக்காத" என்று என் தலையைத் தடவினார் என் கணவர். அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அதன் பிறகு வகுப்புகளையும் விட்டுவிட்டேன். பின்னறைக்குப் போகவே கால் வரவில்லை.

நாத்தனாரோடு பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் காரணம் கேட்பார்கள். சோறு போடட்டுமா, துணி காய்ந்துவிட்டதா என்ற அளவில் வைத்துக்கொண்டேன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. அவள் விமானம் ஏறப் புறப்பட்ட அன்று எல்லோரும் அழுதார்கள், நான் வண்டியில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையை ஒரு முறுக்கு டப்பாவால் மூடிவிட்டு அவள் மட்டும் கடல் தாண்டிப் போகிறாளே என்று உள்ளே எரிந்தது. போனில் கூப்பிட்டால் மாமனாரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவளை நான் மன்னிக்கவே இல்லை.

போன வருடம் மாமனார் காலமானபோது வந்தாள். கருமாதி முடிந்த மறுநாள் காலை, கொல்லையில் இருவரும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். கையில் இருந்த கொத்தைக் கீழே வைத்துவிட்டு அவளே ஆரம்பித்தாள். "இத்தன வருஷமா எனக்கு மொகம் குடுத்து நீங்க பேசல. பேசவும் வேணாம். ஆனா அத நானா செய்யல அண்ணி. அண்ணந்தான் செய்யச் சொல்லுச்சு."

நான் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தேன் என்று நினைக்கிறேன். அவள் அழுதபடி சொன்னாள். அவர் முதல் நாள் அவளைக் கடைக்கு வரச்சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். "'அவ சம்பாத்தியத்துல நான் மெட்ராஸ்ல போயி ஒக்காரணுமா? ஊர்ல என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு நடப்பேன்? வேணாம்னு சொன்னா என்னயக் கெட்டவன்னு நெனைப்பா. நீ ஒருதடவ மூடிட்டா போதும்'னு சொல்லுச்சு. மாட்டேன்னுதான் சொன்னேன். அண்ணன் கண்ணு கலங்குனதப் பாத்ததும் சரின்னுட்டேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் செஞ்சதும் தப்புதான்" என்றாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை நான். அவள் ஊருக்குத் திரும்பிய அன்று அழுதேன். எதற்காக என்று எல்லோரும் அவரவர் இஷ்டத்துக்கு நினைத்துக்கொண்டார்கள்.

வேண்டாம் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், பட்டினி கிடந்திருப்பேன், ஒருவேளை தோற்றும் போயிருப்பேன். எதிரே நின்று தோற்கடித்தவரோடு ஒரு வீட்டில் இருந்துவிட முடியும். இவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். ஒன்றும் அறியாத மனிதரை எனக்காகத் திட்டினார். அந்தத் தோளில் நான் அழுதிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. இவ்வளவும் தெரிந்த பிறகும் அவரிடம் நான் கேட்கவில்லை. காலையில் காபி கொடுத்தேன், கடைக்குச் சாப்பாடு கட்டினேன். உண்மையைச் சொல்வதென்றால், என் நெஞ்சின் ஒரு மூலை, நாத்தனார் தப்பித்துக்கொள்வதற்காக அண்ணன் மேல் பழி போட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தது.

போன வாரம் அவர் புது வைஃபை பெட்டி ஒன்றை வாங்கி வந்தார், வீடு பூராவும் எட்டுமாம். கையில் அதை வைத்துக்கொண்டு முன்கூடத்துக்கும் முற்றத்துக்குமாக நடந்தார். "ஏம்மா, இத எங்க வச்சா ஒனக்குப் பின்னால நல்லா கெடைக்கும்?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"ஒங்க தங்கச்சிக்குப் போன் போட்டுக் கேளுங்க. நீங்க எங்க வைக்கச் சொன்னாலும் வைக்கும்" என்றேன்.

அவர் நடந்துகொண்டிருந்த இடத்திலேயே நின்றார். வயர் தரையில் சுருண்டு விழுந்தது. என்ன சொல்கிறாய் என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால், நாத்தனார்தான் பொய் சொன்னாள் என்று நம்பிக்கொள்ள அந்த நிமிடத்திலும் நான் தயாராக இருந்தேன். அவர் கேட்கவே இல்லை.