மூணாவது நெரை, ஏழாவது குழி

காலை ஆறே காலுக்கு அவிசாவளையில் தெரணியகலை பஸ் ஏறினேன். டிக்கெட் நூற்று நாற்பது ரூபாய். பையில் அம்மா கொடுத்த ஒரே ஒரு மெழுகுவர்த்தி. எட்டு மாதக் குழந்தையாக இறந்துபோன என் அண்ணனின் நினைவு நாளில் வருஷா வருஷம் அம்மாதான் போய் ஏற்றுவாள். இந்த முறை முழங்கால் மறுத்துவிட்டது. “மூணாவது நெரை, ஏழாவது குழி. மறந்துறாத” என்று நாலு தரம் சொல்லியனுப்பினாள். கணக்கு வாத்தியாரான என்னிடம் சொல்கிற பேச்சா இது?

எட்டு மணிக்குத் தெரணியகலையில் இறங்கினேன். தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலுக்கு ஆட்டோ எழுநூறு ரூபாய். டிரைவரிடம் சிங்களத்தில் பேரம் பேசினேன். அவர், “அந்த ரோட்டு சரியில்ல மாத்தயா, குறைக்க ஏலாது” என்று தமிழிலேயே முடித்துவிட்டார்.

கோயிலுக்குப் பின்னால் ரப்பர் மர நிழலில் கல்லறைத் தோட்டம் சரிந்து இறங்குகிறது. உச்சியில், இரும்பு வேலிக்குள் வெள்ளைக்காரத் துரைமார். கருங்கல்லில் இங்கிலீஸ் எழுத்து. காய்ச்சலில் போன ஒரு துரைக் குழந்தைக்குத்தான் முதல் குழி வெட்டினார்களாம், கோயில் பிறகுதான் வந்ததாம். அடுத்து கங்காணி, கணக்கப்பிள்ளை வீட்டாரின் சிமெந்துக் கல்லறைகள். அதற்கும் கீழே வேலைக்காரச் சனத்தின் மண்மேடுகள், பெயரில்லாமல். தேயிலைச் செடி போலவே நிரை நிரையாகப் புதைத்திருக்கிறார்கள். எண்ணித்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மண்மேடுகளை மேலிருந்து எண்ணினேன். மூன்றாம் நிரை, ஏழாவது மேடு. தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி. ஏற்றிவிட்டு, பார்த்தேயிராத அண்ணனுக்காகக் கொஞ்சம் அழவும் செய்தேன்.

புல் வெட்ட வந்த செலினாக்கா, “நீங்க ரெஜினாம்மா மகன்தானே? அங்க யாருக்கு ஏத்துறீங்க?” என்று கேட்டார். கொழுந்து பறித்துக் காய்த்த கையால் சரிவின் அடியைக் காட்டினார். “நாங்க கீழ இருந்துதானே நெரை புடிப்போம். அம்மாவும் அப்படித்தான் எண்ணியிருப்பாங்க. புடுங்கி இங்கிட்டு வைங்க தம்பி.”

எரிகிற திரியைப் பிடுங்க மனம் வரவில்லை. அண்ணனை இருட்டில் விடவும் முடியவில்லை. அம்மாவுக்கே போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

“தலைமாட்டுல குரோட்டன் நிக்குதா?”

“நிக்குது.”

“அது லயத்துல பக்கத்துக் காம்பரா வீட்டு மரியாயி புள்ள. கவர்மெண்டு அவங்கள இந்தியாவுக்கு அனுப்பினப்போ, பாத்துக்க அக்கான்னு எங்கிட்டதான் சொல்லிட்டுப் போனா. நான் ஒரு வருஷமும் ஏத்தல. என் புள்ளய மட்டும் பாத்துட்டு வந்துட்டேன்.”

“இப்ப என்னம்மா செய்ய?”

“அங்கேயே எரியட்டும். உங்கண்ணனுக்குத்தான் நான் வந்துக்கிட்டு இருந்தேனே.”

அண்ணனின் மேட்டில் செலினாக்காவோடு சேர்ந்து புல் பிடுங்கினேன். திரி அணையும்வரை இருந்ததில் பதினொரு மணி பஸ் போய்விட்டது, அதைப் பற்றிக் கவலையில்லை. இப்போது நாங்கள் இருக்கும் வத்தளையில் வீட்டைச் சுற்றி இருப்பவர்களின் பெயர்களே எனக்குச் சரியாகத் தெரியாது. வீடு திரும்பியதும் வாசலில் அம்மா கேட்ட முதல் கேள்வி: “ரெண்டு பக்கமும் புல்லப் புடுங்குனியா?”

குரோட்டன் பக்கம் பிடுங்கவில்லை. அடுத்த வருஷம் இரண்டு மெழுகுவர்த்தியோடு போக வேண்டும்.